மூர்ச்சையின் காரணம் அறிதல்

தமிழில் மயக்கம் என்னும் சொல் மிகப் பரந்தது. தலை சுற்றுவதும் மயக்கம். பசியில் கண் இருள்வதும் மயக்கம். கள்ளுண்டவன் நிலையும் மயக்கம். அறுவைக்கு முன் மருத்துவர் ஊசியால் வரவழைப்பதும் மயக்கம். இலக்கணத்தாரோ வேற்றுமை மயக்கம், மெய்ம்மயக்கம் என்று எழுத்துக்கும் சொல்லுக்கும் கூட அதனை உரிமையாக்கிவிட்டனர். அரபு மொழியோ இவ்விடத்தில் சிக்கனம் காட்டவில்லை. தலைசுற்றலுக்குத் துவார், சற்றுநேரம் நினைவு மறைவதற்குக் கஷ்ய், நீடித்த நினைவிழப்புக்கு இக்மா, வலிப்புக்கு ஸரஉ, மூளையடைப்பால் வீழ்வதற்கு ஸக்தா, எழுப்ப இயலாத ஆழ்துயிலுக்கு ஸுபாத் எனத் தனித்தனிச் சொற்களை அது வைத்துள்ளது. சொல் பிரிந்திருந்தால் நோயும் பிரிந்து தெரியும். “மயங்கி விழுந்துவிட்டார்” என்று நாம் சொல்லும் ஒரே வாக்கியத்துக்குள் அச்சமற்ற ஒன்றும் உயிரைக் கொள்ளும் ஒன்றும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த ஆனையூர்ப் பகுதியில் உள்ள ஒரு பள்ளிவாசலில், ஒரு கோடைக்கால ஜும்ஆவில் நாம் கண்டதை முதலில் கூறுவோம். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் குத்பா முடியும்வரை தரையில் அமர்ந்திருந்தார். இகாமத் சொல்லப்பட்டதும் எழுந்து வரிசையில் நின்றார். முதல் ரக்அத் முடியுமுன் சாய்ந்தார். தொழுகை முடிந்ததும் அவரைச் சூழ்ந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் செய்தனர். ஒருவர் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். ஒருவர் கையில் சாவிக் கொத்தைத் திணித்தார். இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்ற முயன்றார். நாற்காலியில் அமர்த்தப்பட்டவரின் தலை தொங்கியது, கைகள் வெட்டி வெட்டி இழுத்தன. “காக்காய் வலிப்பு” என்று ஒரு குரல் தீர்ப்பே சொல்லிவிட்டது. நல்லவேளையாக, மருத்துவமனையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் கூட்டத்தை விலக்கி, பெரியவரைப் பாயில் மல்லாக்கக் கிடத்தி, இரு கால்களையும் தூக்கிப் பிடித்தார். அரை நிமிடத்தில் கண் திறந்த பெரியவர், “எத்தனாவது ரக்அத்?” என்று வினவினார்.

மருத்துவமனையில் மகன் மூளைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். மருத்துவர் அதற்கு முன் ஓர் எளிய காரியம் செய்தார். படுத்த நிலையில் இரத்த அழுத்தம் பார்த்தார். பின் எழுந்து நிற்கச் சொல்லி மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் பார்த்தார். மேல் அளவு முப்பதுக்கும் அதிகமாக இறங்கியிருந்தது. ஏற்கெனவே அழுத்தத்துக்கு மாத்திரை உண்டுவந்த அவருக்குச் சில நாள்களுக்கு முன்புதான் புராஸ்டேட் வீக்கத்துக்கு ஒரு புதிய மாத்திரை தரப்பட்டிருந்தது. அவ்வகை மாத்திரைகளிற் சில இரத்தக் குழாய்களையும் தளர்த்தும். நோய் அம்மாத்திரைச் சீட்டிலேயே இருந்தது.

மூர்ச்சை என்பது என்ன? மூளை முழுவதற்கும் செல்லும் இரத்தம் சற்றுநேரம் குறைவதால் நினைவு சட்டென மறைந்து, உடல் தளர்ந்து வீழ்ந்து, பிறர் உதவியின்றியே விரைவில் முழுமையாக மீளும் நிலையையே மருத்துவர்கள் அவ்வாறு அழைக்கின்றனர். மூளை சேமிப்பறியாத உறுப்பு. இரத்த ஓட்டம் ஆறு முதல் எட்டு வினாடிகள் நின்றாலே நினைவு போய்விடும். நாம் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. உடனே குழாய்கள் சுருங்கி, இதயம் சற்று விரைந்து, தலைக்கு வேண்டியதை மேலேற்றுகின்றன. முதுமை, நீர்வறட்சி, நீண்டகாலச் சர்க்கரை நோய், சில மருந்துகள் ஆகியன இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அதனை நிலைமாற்ற அழுத்தத் தாழ்வு என்பர். வீழ்ந்தவர் படுத்துவிட்டால் தலையும் இதயமும் ஒரே மட்டத்தில் வந்து ஓட்டம் தானே சீராகிவிடும். வீழ்வதே ஒருவகையில் மருந்து. அவரைத் தூக்கி நிமிர்த்துகின்றவர், அன்பினாலேயே, அம்மருந்தைத் தடுத்துவிடுகின்றார்.

சரி, கைகள் இழுத்தனவே, அது வலிப்பன்றோ? இங்கேதான் பலரும் தவறுகின்றனர். 1994-இல் ஜெர்மனியில் நலமுள்ள தன்னார்வலர்களை வேண்டுமென்றே மூர்ச்சையடையச் செய்து படம்பிடித்து ஆராய்ந்தார்கள். முழுமையாக நினைவிழந்தோரில் பத்துக்கு ஒன்பது பேரிடம் கைகால் வெட்டுதல் காணப்பட்டது. பெரும்பாலோர் கண்களும் திறந்தே இருந்தன. எனவே இழுப்பு மட்டும் வலிப்புக்குச் சான்றாகாது. ஆடையில் சிறுநீர் கழிவதும் சான்றாகாது. மூர்ச்சையில் வெட்டு சில வினாடிகளே நிற்கும், முகம் வெளுக்கும், கண் விழித்ததும் தெளிவு திரும்பும். வலிப்பிலோ இழுப்பு ஒன்று இரண்டு நிமிடங்கள் நீளும், முகம் நீலம் பாயும், நாக்கின் பக்கவாட்டில் கடிபடும், எழுந்த பின்னும் நெடுநேரம் குழப்பம் தீராது. சாவிக்கொத்தின் பெருமையும் இங்கே விளங்கிவிடும். இரும்பு கொடுத்தாலும் கொடாவிட்டாலும் பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கும். அடங்கும் நேரத்தில் கையில் சாவி இருந்ததால் புகழ் சாவிக்குப் போயிற்று.

இவ்வேறுபாடு நம் முன்னோர் அறியாததன்று. புகாரியில் வரும் செய்தியொன்றில், தாம் பசியால் நபி (ஸல்) அவர்களின் மிம்பருக்கும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் இடையே மூர்ச்சித்து விழுந்து கிடந்ததையும், வருவோர் தம்மைப் பித்துப் பிடித்தவரெனக் கருதிக் கழுத்தில் கால் வைத்ததையும், தமக்குப் பித்து இல்லை, பசியே இருந்ததென்பதையும் அபூஹுரைரா (ரலி) பிற்காலத்தில் நினைவுகூர்கின்றார். தவறான நோய்க்கணிப்புக்கு இதைவிடத் தெளிந்த எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்? அதே தொகுப்பில், கிரகணத் தொழுகையின் நெடிய நிலையில் நின்ற அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) தமக்கு மூர்ச்சை கவிந்து வந்ததையும், தலையில் நீர் ஊற்றிக் கொண்டதையும் கூறுகின்றார். நெடுநேரம் நிற்றலால் வருகின்ற கிறக்கம் அது. பள்ளிக்கூடக் காலை வணக்கத்தில் பிள்ளைகள் சாய்வதும் அதே வகைதான். இமாம் புகாரி இந்தச் செய்தியைப் பதிவு செய்த தலைப்பு கருதத்தக்கது: கடுமையான மூர்ச்சைக்கே உளூ முறியும் என்போரின் கருத்தை அத்தலைப்பு சுட்டுகிறது. நினைவு முற்றாக மறையாத கிறக்கத்தையும் முழு மூர்ச்சையையும் அவர் பிரித்தறிந்துள்ளார். தமக்கு ஸரஉ உண்டென்றும் அந்நேரத்தில் ஆடை விலகுகிறதென்றும் நபியவர்களிடம் முறையிட்ட பெண்மணியின் செய்தி தனியே நோயாளிகள் பற்றிய பாகத்தில் அமைந்துள்ளது.

மருத்துவ நூலோரைப் பார்த்தால், இப்னு ஸீனா (980–1037) தம் கானூன் நூலின் மூன்றாம் பாகத்தில் ஸரஉவையும் ஸக்தாவையும் தலையின் நோய்களில் வைத்தார்; கஷ்யை இதயத்தின் நோய்களில் வைத்தார். இருவகையும் தரையில் விழுவனவே. ஆயினும் ஒன்றின் வேர் தலையில், மற்றதன் வேர் நெஞ்சில் என்று அவர் பிரித்த எல்லைக்கோட்டை இன்றைய மருத்துவமும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் வரைகிறது. அவருக்கும் முற்பட்ட ஹிப்போக்ரட்டீஸின் முதுமொழிகளில், வெளிப்படையான காரணமின்றி அடிக்கடி கடுமையாக மூர்ச்சிப்போர் திடீரென மரிப்பர் என்னும் கருத்து உள்ளது. அந்நூலை அரபுக்குக் கொணர்ந்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். பழைய நூல்களில் புதிய அறிவியல் அனைத்தும் உண்டென்று நாம் வாதிடவில்லை. அத்தகைய வாதம் இரண்டுக்கும் நன்மை செய்யாது. உற்றுநோக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது, அவ்வளவே.

மூர்ச்சையிற் பெரும்பகுதி அச்சமற்றது. இரத்தத்தைக் கண்டதும், ஊசி குத்தியதும், வலி மிகுந்ததும், புழுக்கமான கூட்டத்தில் நின்றதும் இதயம் திடீரெனத் தளர்ந்து குழாய்கள் விரிந்து அழுத்தம் வீழும். மார்க்கக் கல்யாண வீட்டில் பிள்ளை அழாமல் இருக்க, பிடித்துக்கொண்டிருந்த மாமன் மயங்கி விழுந்த கதை நம் ஊர்களில் எத்தனை! அதற்கு முன்னறிவிப்பு உண்டு: குமட்டல், வியர்வை, கொட்டாவி, காது அடைத்தல், கண் மங்கல். அப்போதே படுத்துவிட்டால் விழ வேண்டியதில்லை. படுக்க இடமில்லையேல் கால்களைப் பின்னி இறுக்குவதும் கைமுட்டியை இறுக மூடுவதும் அழுத்தத்தை ஏற்றும். இருமித் தீர்த்ததும் விழுவோர் உண்டு. இறுகிய கழுத்துப்பட்டியோடு தலையைத் திருப்பியதும் விழும் முதியோர் உண்டு. இரவில் எழுந்து நின்று சிறுநீர் கழிக்கையில் விழும் ஆண்கள் உண்டு. கடைசி வகையினருக்கு மருத்துவர் கூறும் அறிவுரை, உட்கார்ந்து கழியுங்கள் என்பதே. நம் வீட்டு முதியோருக்கு இது புதிய செய்தியன்று.

அஞ்ச வேண்டியது இதயத்தால் வருவது. முன்னறிவிப்பின்றிச் சட்டென விழுதல், ஓடும்போதோ உழைக்கும்போதோ விழுதல், படுத்திருக்கையிலும் நினைவிழத்தல், விழுமுன் நெஞ்சு படபடத்தல், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருத்தல் ஆகிய இவற்றுள் ஒன்று இருப்பினும் காலந்தாழ்த்தலாகாது. இதயத்தின் மின்னோட்டம் தடைப்பட்டுத் துடிப்பு மிகக் குறைந்து மூர்ச்சிப்பதை 1827-இல் ஆடம்ஸும் 1846-இல் ஸ்டோக்ஸும் அயர்லாந்தில் விவரித்தனர். அந்நோயால் நாளுக்குப் பலமுறை நினைவிழந்த ஆர்னே லார்ஸன் என்பவருக்கு 1958 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. முதற்கருவி சில மணி நேரமே உழைத்தது. ஆனால் அவர் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை, தம் 86-ஆம் வயது வரை வாழ்ந்தார்.

இவ்விடத்தில் நம் குறையொன்றைச் சொல்லியாக வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் நாம் பாடம் நடத்திய ஒரு மத்ரஸாவில் பதினான்கு வயது ஹிஃப்ளு மாணவர் ஒருவர் இருந்தார். ஸுப்ஹுக்கு முன் எழுப்பும் மணி அடிக்கையில் மூன்று முறை எழுந்து உட்கார்ந்த இடத்திலேயே நினைவிழந்து சரிந்தார். இருள் விலகாத நேரம், தனித்த விடுதி, திடீர் வீழ்ச்சி. ஜின்னின் தீண்டல் என்று எல்லாரும் முடிவு கட்டினர். நாமும் ஓதி ஊதினோம். பெற்றோர் ஓராண்டு ஊர் ஊராக அழைத்துச் சென்றனர். பிறகு காய்ச்சலுக்காகப் போன இடத்தில், இக்கதையைக் கேட்ட மருத்துவர் ஒருவர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னளவில் மீண்டும் ஆயத்தமாக எடுக்கும் நேரம் அவருக்கு இயல்பைவிட நீண்டிருந்தது. நீண்ட கியூ.டி. எனப்படும் இப்பிறவிக் குறையின் ஒரு வகையில், உறக்கத்திலிருப்பவரைத் திடீர் ஓசை எழுப்பினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நினைவு போகும். அது தானே நின்றால் எழுவார், நில்லாவிடில் எழமாட்டார். பீட்டா பிளாக்கர் மாத்திரை தொடங்கப்பட்டது. உடன்பிறந்தாரையும் சோதித்தபோது தங்கைக்கும் அது இருந்தது. அந்த ஓராண்டில் நாலாம் முறை நிகழாமற் போனது அல்லாஹ்வின் அருள், நம் அறிவினாலன்று. அந்த விடுதியில் பின்னர் மணியடிப்பதை நிறுத்தித் தோளைத் தொட்டு எழுப்பலாயினர்.

ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. மருத்துவரிடம் போகாமலிருக்க அது சாக்காகும்போதே கேடு வருகிறது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டதை இம்மாவட்டங்களில் எவரும் மறந்திருக்க முடியாது. அவ்விபத்து வேறு, அதன் பின்னுள்ள மனப்போக்கு இதுவே. மற்றொன்று: 1957-இல் நார்வே நாட்டில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்னும் மருத்துவர் இருவர், பிறவியிலேயே செவிகேளாத குழந்தைகள் சிலர் மூர்ச்சித்துத் திடீரென இறப்பதைக் கண்டு இதே நீண்ட கியூ.டி.யின் கடுமையான வடிவத்தைப் பதிவு செய்தனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் அது தோன்றும். நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் அவ்வாய்ப்பு கூடும். செவிகேளாப் பிள்ளை மயங்கி விழுந்தால் ஓர் இ.சி.ஜி. எடுக்காமல் இருக்கலாகாது.

இனி வெப்பம். 2024 அக்டோபர் 6-ஆம் நாள் சென்னை மெரினாவில் விமானப்படைச் சாகச நிகழ்ச்சியைக் காணப் பல லட்சம் பேர் நண்பகல் வெயிலில் கூடினர். பலர் மயங்கினர், ஐவர் இறந்தனர். அதே ஆண்டு ஹஜ்ஜில் மக்காவின் வெப்பம் 50 பாகையைக் கடந்தது. சவூதி அரசு அறிவித்த மரணங்கள் 1301. இறந்தோரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் முறையான அனுமதியின்றிச் சென்று, குளிரூட்டிய கூடாரமும் வாகனமும் இன்றி நடந்தவர்கள். வெயிலில் நின்று மூர்ச்சிப்பவர் நிழலில் கிடத்தியதும் தெளிவார். ஹீட் ஸ்ட்ரோக் என்னும் வெப்பத்தாக்கில் அவ்வாறன்று: உடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டும், பேச்சு குழறும், தெளிவு வராது. அவருக்கு மருத்துவமனை சேரும்வரை காத்திராமல் அங்கேயே உடலை நீரால் நனைத்துக் காற்று வீசிக் குளிர்விக்க வேண்டும். நீரைத் துகளாகத் தெளித்துக் காற்றைச் செலுத்தும் கட்டில் ஒன்றை வெய்னர், கோகலி என்னும் இருவர் 1980-இல் வெளியிட்டனர். மக்காவின் ஹாஜிகளுக்காக உருவானதால் அவ்வூரின் பெயரே அதற்கு வழங்கியது.

நோன்பாளிகளில் சர்க்கரை நோய்க்கு மருந்துண்போர் நினைவிழப்பது பெரும்பாலும் மூர்ச்சையன்று. இரத்தச் சர்க்கரை தாழ்தலாம். அது மெல்ல வரும்: நடுக்கம், வியர்வை, எரிச்சலான பேச்சு, பின் நினைவு மங்கல். படுக்க வைத்தால் தெளியாது. சர்க்கரை சென்றாலே தெளியும். அளவு 70-க்குக் கீழ் இறங்கினால் நோன்பை முறித்துவிட வேண்டுமென்று மருத்துவர்கள் கூறுகின்றனர். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 ஆம் வசனங்கள் நோயாளிக்கு வேறு நாள்களில் நோற்கும் சலுகையை அளித்திருக்க, மஃரிபுக்குப் பத்து நிமிடந்தானே என்று பிடிவாதம் பிடிப்பது பக்தியாகாது. விரலில் ஊசி குத்தி அளவு பார்ப்பதால் நோன்பு முறியாதென்பதையும் சேர்த்தே சொல்லி வைக்கலாம். அவ்வாறு முறியும் என்ற எண்ணத்திலேயே பலர் சோதிக்காதிருக்கின்றனர்.

காரணம் அறிவதில் கருவிகளைவிடச் சொல் முந்துகிறது. வீழ்ந்தவருக்கு நடந்தது தெரியாது, கண்டவரே சாட்சி. ஹதீஸ்கலை பயின்றோருக்கு இது விளங்கும்: நேரில் கண்டாரா, எப்போதிருந்து கண்டார், கண்டதைச் சொல்கிறாரா, ஊகித்ததைச் சொல்கிறாரா? நின்றிருந்தாரா, படுத்திருந்தாரா, முகம் வெளுத்ததா, நீலமானதா, எத்தனை வினாடி, எழுந்ததும் ஆளை அடையாளம் கண்டாரா, என்னென்ன மாத்திரைகள் என்பவற்றைக் கேட்டே மருத்துவர் பாதிப் பேருக்குக் காரணம் சொல்லிவிடுவார். இன்று எல்லார் கையிலும் உள்ள செல்பேசியில் அரை நிமிடம் படம் பிடித்துக் காட்டினால் அது எவ்வளவோ சொற்களுக்கு ஈடாகும். ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கன்று, மருத்துவருக்குக் காட்டுவதற்கு. அடுத்து, நின்றும் கிடந்தும் அழுத்தம் பார்த்தலும் இ.சி.ஜி.யும். இவை மூன்றும் யாருக்கும் தவிர்க்கத் தக்கனவல்ல. ஐயம் நின்றால் இதயத்துக்கு எக்கோ, ஒரு நாள் முழுதும் பதியும் ஹோல்ட்டர், 1986 முதல் வழக்குக்கு வந்த சாய்மேசைச் சோதனை, தோலுக்கடியில் வைத்து இரண்டு மூன்று ஆண்டு துடிப்பைப் பதியும் சிறு கருவி. தலையில் அடிபடாத, பேச்சு குழறாத, கைகால் தளராத எளிய மூர்ச்சைக்கு மூளை ஸ்கேனால் பெரும்பாலும் பயனில்லை; நம் மக்களோ இ.சி.ஜி.யை விட்டுவிட்டு அதற்கே பொருளைச் செலவிடுகின்றனர்.

முதலுதவி சிலவே. மல்லாக்கக் கிடத்திக் கால்களை உயர்த்துக, கருவுற்ற பெண்ணாயின் இடப்பக்கம் சாய்த்துக் கிடத்துக, ஆடையைத் தளர்த்துக, வாயில் எதுவும் ஊற்றற்க. ஒரு நிமிடத்தில் தெளியாவிடினும், வயிற்றிலுள்ள பிள்ளைக்கோ தலைக்கோ அடிபட்டிருப்பினும் 108-ஐ அழைக்க. மூச்சில்லையேல் அது மூர்ச்சையன்று, இதயம் நின்றுள்ளது. உடனே நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும்.

சட்டநூலோர் இந்நிலையை எங்ஙனம் நோக்கினர் என்பதும் பயனுடையது. ஹனஃபி உஸூல் நூல்களில், மனிதனின் தகுதிக்கு இடையே வருகின்ற, அவன் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட தடைகளுள் உறக்கம், இக்மா, பித்து மூன்றும் தனித்தனியே எண்ணப்படும். பித்தில் அறிவு பறிக்கப்பட்டது. இக்மாவில் அறிவு இருக்கிறது, மிகைக்கப்பட்டுள்ளது. அதனால்தான் நபிமார்களுக்கு இக்மா நேரலாம், பித்து நேராது என்றனர். நபி (ஸல்) அவர்கள் இறுதி நோயில் மீண்டும் மீண்டும் நினைவிழந்து தெளிந்ததும், தெளியுந்தோறும் மக்கள் தொழுதுவிட்டனரா என வினவியதும் அறிந்ததே. ஹனஃபிகளிடம் நினைவிழப்பு ஒரு பகலும் ஓர் இரவும் வரை நீடித்தால் விடுபட்ட தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டும். அதனைக் கடந்தால் இல்லை. ஷாஃபிஈகளிடம் ஒரு தொழுகையின் நேரம் முழுதும் நினைவின்றிக் கழிந்தால் அதன் களா இல்லை. உளூ முறிவதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடில்லை.

மாலையில் பெரியவரைக் காணச் சென்றபோது, புதிய மாத்திரையை மருத்துவர் நிறுத்திவிட்டதாகக் கூறினார். எழுமுன் ஒரு நிமிடம் உட்கார்ந்து கால்களை அசைத்துக்கொள்ளப் பணித்துள்ளாராம். அவருடைய கேள்வி வேறாக இருந்தது. ஜும்ஆவின் இடையில் வீழ்ந்தவர் என்ன தொழுவது? உளூ முறிந்தது, ஜமாஅத்தும் முடிந்தது. லுஹர் நான்கு ரக்அத் தொழ வேண்டியதே என்றோம். அஸ்ருக்கு இன்னும் நேரமிருந்தது. கட்டிலோரத்திலேயே உட்கார்ந்தபடி தொழுதார்.